எல்லை கடந்த மருத்துவப் பணி: டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார்

முன்னுரை

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாக மேற்கே செல்வோர் தாம்பரத்தை அடைவர். தாம்பரத்துக்கு முந்தைய இரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது. காசநோயாளர்க்கென 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து அவர்கள் அங்கே தொடங்கிய நலவாழ்வு இல்லமே அப்பெயருக்குக் காரணம். வடக்கே நகரை நோக்கிச் செல்வோர் தரமணியைக் கடப்பர். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை ஆய்வு நிறுவனம் டாக்டர் ஏ. எல். முதலியார் பெயர் தாங்கி நிற்கிறது. ஒன்று நோயால் பெயர் பெற்ற ஊர்ப்பகுதி; மற்றொன்று மருத்துவர் ஒருவரால் பெயர் பெற்ற கல்விக்கூடம். இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் புறநகரில் தொடங்கி உலக நாடுகளின் பேரவை வரை செல்வது.

டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார் என்றவுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தை 27 ஆண்டுகள் வழிநடத்திய துணைவேந்தர் என்பதே பலர் நினைவுக்கு வரும். இந்திய இடைநிலைக் கல்விக்கு வழி கூறிய குழுவின் தலைவர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆயின், நோய்க்கு நாட்டெல்லை இல்லை என்பதை உணர்ந்து உலக நாடுகள் கூடி அமைத்த நிறுவனத்தை அதன் குழந்தைப் பருவத்திலேயே தாங்கிப் பிடித்தவர்களுள் இவரும் ஒருவர் என்பது பரவலாக அறியப்படவில்லை. அப்பகுதியை மாணாக்கர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

இலட்சுமணசாமி முதலியார் 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். கர்நூல் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவருடன் இரட்டையராகப் பிறந்த மூத்தவர் இராமசாமி முதலியார். அண்ணன் சட்டமும் அரசியலும் பயின்று நாட்டின் நிருவாகத்தில் உயர்ந்தார். தம்பி மருத்துவத்தைத் தேர்ந்தார். இருவேறு வழிகளில் நடந்த உடன்பிறப்புகள் ஒரே பணியின் இரு முனைகளில் பின்னாளில் சந்திக்க நேர்ந்தது வியத்தற்குரியது.

கர்நூலில் தொடக்கக் கல்வி முடித்தபின் இருவரும் 1903இல் சென்னைக்கு வந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். இன்று தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த வளாகத்தில் விளங்கும் அக்கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இயங்கியது. 1937ஆம் ஆண்டில்தான் அது தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற இலட்சுமணசாமி மருத்துவராகி வெளிவந்தார். பின்னர் அக்கல்லூரியிலேயே பேராசிரியராகவும் முதல்வராகவும் பொறுப்பேற்றார்.

எழும்பூர் மருத்துவப் பணி

அவர் தேர்ந்த துறை மகப்பேறு மருத்துவம். 1844ஆம் ஆண்டு முதல் எழும்பூரில் இயங்கிவரும் அரசு மகப்பேறு மருத்துவமனையே அவரது பணிக்களம். மகப்பேறு என்பது பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் மக்கள் கூறுவது அக்காலத்தில் வெறும் வழக்குத் தொடரன்று. கண்ணெதிரே நிகழ்ந்த உண்மை. குருதிப்போக்கும் பேறுகாலக் காய்ச்சலும் சோகையும் இளந்தாய்மார் பலரை வாரிக்கொண்டு சென்றன. மேலை நாட்டு நூல்களில் எழுதப்பட்ட மருத்துவம் மேலை நாட்டுப் பெண்ணின் உடலையும் உணவையும் கருத்திற்கொண்டது. நம் மண்ணின் வறுமையையும் சோகையையும் அறிந்து எழுதப்பட்ட நூல் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்யும் வகையில் மகப்பேற்று மருத்துவம் பற்றி அவர் இயற்றிய ஆங்கில நூல் 1938இல் வெளிவந்தது. பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனனும் இணைந்து வளர்த்த அந்நூல், முதலியார் மேனன் நூல் என்னும் பெயரால் இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறையினருக்குப் பாடநூலாயிற்று.

இங்கே ஒரு கருத்து நோக்கத்தக்கது. பிற நாட்டு அறிவைப் பெறுதல் வேறு; அதனை அப்படியே சுமத்திக்கொள்ளுதல் வேறு. பெற்ற அறிவை நம் மக்களின் உடல்நிலையோடு ஒப்பிட்டுச் சோதித்துத் திருத்தி, திருத்திய அறிவை மீண்டும் உலகுக்கு அளிப்பதே உண்மையான ஒத்துழைப்பு. முதலியாரின் நூலில் காணப்படும் இப்பாங்கே அவர் வாழ்ந்த காலத்தில் சென்னை மருத்துவ உலகம் மேற்கொண்ட பெரும் பணிகளிலும் வெளிப்பட்டது.

வேலியாக நின்ற நாடுகளிடை நலவாழ்வு

நாடுகள் கூடி நோயைப் பற்றிப் பேசத் தொடங்கியது 1851ஆம் ஆண்டு பாரிசில் கூடிய மாநாட்டில்தான். ஆயின் அம்மாநாடும் அதைத் தொடர்ந்தவையும் பெரும்பாலும் ஐரோப்பாவைக் கிழக்கிலிருந்து வரும் காலராவினின்றும் பிளேக்கினின்றும் காப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. நோய் தோன்றும் இடத்தில் அதைத் தணிப்பது எவ்வாறு என்பதைக் காட்டிலும், நோய் தம் துறைமுகத்தில் இறங்காமல் தடுப்பது எவ்வாறு என்பதே அங்குப் பெரிதாகப் பேசப்பட்டது.

இதன் கசப்பைத் தமிழர் நன்கு அறிவர். இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற தமிழ் ஏழை மக்கள் கடலைக் கடக்குமுன் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலரா, பிளேக் முதலிய நோய்கள் உண்டா என்று அங்கே அவர்கள் சில நாள் தனித்து வைத்துச் சோதிக்கப்பட்டனர். இரு நாட்டு நிருவாகங்களும் ஒத்துழைத்தன என்பது மெய்யே. எனினும் அவ்வொத்துழைப்பு தோட்டத்தைக் காத்தது. தொழிலாளியின் ஊரைக் காக்கவில்லை. காலரா தோன்றும் குடிநீர் அவனுடைய ஊரில் அப்படியே இருந்தது.

முதல் உலகப்போருக்குப்பின் நாடுகளின் சங்கம் 1925இல் சிங்கப்பூரில் ஒரு செய்தி நிலையத்தை அமைத்தது. ஆசியத் துறைமுகங்களில் தோன்றும் நோய்கள் பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்தி வழியாகவும் வானொலி வழியாகவும் அது அறிவித்தது. அண்டை நாட்டில் நோய் இருப்பதை மறைப்பதைவிட அறிவிப்பதே எல்லோர்க்கும் நன்மை என்னும் எண்ணம் இப்பகுதியில் வேரூன்ற இந்நிலையம் துணை செய்தது. இரண்டாம் உலகப்போர் இவ்வேற்பாட்டைக் குலைத்தது.

இரட்டையரும் ஒரு நிறுவனமும்

1945ஆம் ஆண்டு சான்பிரான்சிசுகோ நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கக் கூடிய மாநாட்டில் இந்தியக் குழுவின் தலைவராக இராமசாமி முதலியார் கலந்துகொண்டார். பொருளாதார, சமூக ஒத்துழைப்பை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். உலக நலவாழ்வுக்கெனத் தனி நிறுவனம் வேண்டும் என்று பிரேசில் நாடும் சீனாவும் அம்மாநாட்டில் முன்மொழிந்தன. போரும் அமைதியும் பற்றிய பேச்சில் மூழ்கியிருந்த அம்மாநாட்டில், நோய் பற்றிய இம்முன்மொழிவு ஏற்கப்பட்டது ஒரு திருப்புமுனையாகும்.

அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக அவை முதன்முறையாகக் கூடியபோது அதன் முதல் தலைவராகவும் இராமசாமி முதலியாரே அமர்ந்தார். பன்னாட்டு நலவாழ்வு மாநாட்டைக் கூட்டுவது என்று அவ்வவை 1946 பிப்ரவரியில் முடிவு செய்தது. அதன்படி நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் அவ்வாண்டு சூலை 22ஆம் நாள் 61 நாடுகள் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டன. 1948 ஏப்ரல் 7ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளையே ஆண்டுதோறும் உலக நலவாழ்வு நாளாகக் கொண்டாடுகிறோம்.

அண்ணன் வாயிலைத் திறந்தார் எனின், அதனுள் நுழைந்து இல்லத்தை நடத்தும் பொறுப்பில் பங்கேற்றவர் தம்பி. 1948இல் ஜெனீவாவில் கூடிய முதல் பேரவைக்கு இந்தியா அனுப்பிய குழுவின் துணைத்தலைவராக இலட்சுமணசாமி முதலியார் சென்றார். விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத நாடு, தன் மருத்துவர்களை உலக அவைக்கு அனுப்பிய காலம் அது.

பெரிய நாடுகளின் தலைநகரங்களிலிருந்து ஆணையிடும் அமைப்பாக இந்நிறுவனம் அமையலாகாது என்னும் எண்ணத்தால் உலகம் ஆறு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் முதலில் செயற்படத் தொடங்கியது தென்கிழக்கு ஆசிய வட்டாரமே. அதன் அலுவலகம் 1949 சனவரி முதல் நாள் தில்லியில் தொடங்கப்பெற்றது. இந்தியா, பர்மா, இலங்கை, சயாம் முதலிய நாடுகள் அதில் இடம்பெற்றன. டாக்டர் சந்திரமணி முதல் வட்டார இயக்குநராகப் பொறுப்பேற்று 1968 வரை பணியாற்றினார்.

இவ்வட்டார அமைப்பிலும் ஒரு குறை நேர்ந்தது. பிரிவினைக்குப்பின் பாகிசுத்தான் கிழக்கு மத்தியதரை வட்டாரத்தைச் சேர்ந்தது. பஞ்சாபின் இரு பகுதிகளிலும் ஒரே கொசு பறக்கிறது. ஒரே ஆற்றுநீர் பாய்கிறது. ஆயினும் அவற்றின் நலவாழ்வுத் திட்டங்கள் இருவேறு அலுவலகங்களில் தீட்டப்பட்டன. அரசியல் கோடு நிலப்படத்தில் வரையப்படும். நோய் அக்கோட்டைப் படிப்பதில்லை. ஒத்துழைப்பின் இன்றியமையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிளவின் நடுவே தலைமை

நிறுவனம் தொடங்கி ஓராண்டு கூட நிறைவுறாத நிலையில் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. 1949 பிப்ரவரியில் சோவியத்து ஒன்றியம் தான் விலகுவதாக அறிவித்தது. உக்ரைனும் பைலோரசியாவும் உடன் விலகின. அடுத்தடுத்துக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவும் அவ்வழியே சென்றன. தங்களுக்குத் தேவையான மருந்தும் கருவியும் கிடைக்கவில்லை என்பதும், செலவு மிகுதி என்பதும், பணிகள் நிறைவளிக்கவில்லை என்பதும் அவற்றின் குறைபாடுகளாக இருந்தன. உலகம் இரு முகாம்களாகப் பிளந்து நின்ற காலத்தில் மருத்துவமும் பிளந்துவிடும் என்னும் அச்சம் எழுந்தது.

அந்நெருக்கடி முதிர்ந்த 1949, 1950ஆம் ஆண்டுகளில் நிறுவனத்தின் செயற்குழுத் தலைவராக விளங்கியவர் நம் இலட்சுமணசாமி முதலியார். 1950இல் கூடிய மூன்றாம் பேரவைக்குத் தலைமை தாங்கியவர் இந்திய நலவாழ்வு அமைச்சர் இராஜகுமாரி அமிர்தகௌர். எந்த முகாமையும் சாராத ஒரு புதிய நாட்டின் இருவர் அவ்வேளையில் இவ்விரு இருக்கைகளிலும் அமர்ந்திருந்தனர்.

நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்தில் விலகுவதற்கு வழி ஏதும் கூறப்படவில்லை. அதை முன்னிறுத்தி, விலகிய நாடுகளை விலகியவையாகக் கொள்ளாமல், செயற்படாதிருக்கும் உறுப்பினராகவே நிறுவனம் கருதியது. அவை மீண்டும் வந்து பங்கேற்பதை எந்நாளும் வரவேற்போம் என்னும் நிலைப்பாட்டை 1950ஆம் ஆண்டுப் பேரவை மேற்கொண்டது. கடுஞ்சொல் கூறிக் கதவை அடைப்பது எளிது. அடைத்த கதவைத் திறப்பதற்கு இரு பக்கமும் நாணும். கதவைச் சாத்தாமல் வைத்திருந்தால் திரும்பி வருபவர்க்கு நாணமில்லை, இருப்பவர்க்கும் இழிவில்லை.

இம்முடிவின் பயன் சில ஆண்டுகளில் விளைந்தது. 1956, 1957ஆம் ஆண்டுகளில் அந்நாடுகளுள் பல ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பி வந்த சோவியத்து ஒன்றியத்தின் சார்பில் 1958ஆம் ஆண்டுப் பேரவையில் டாக்டர் விக்டர் சுதானொவ் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பெரியம்மையை உலகினின்றே ஒழிப்பது என்பது அத்திட்டம். பேரவை அடுத்த ஆண்டே அதனை ஏற்றது. இந்தியா 1962இல் தொடங்கிய பெரியம்மை ஒழிப்புத் திட்டத்துக்குச் சோவியத்து ஒன்றியம் பேரளவில் அம்மைப்பாலை நன்கொடையாக வழங்கியது. நம் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அம்மைப்பால் உற்பத்தி செய்தது. பின்னர் அமெரிக்க மருத்துவரும் சோவியத்து மருத்துவரும் இந்திய ஊழியருடன் ஒரே சிற்றூர்த் தெருவில் வீடுவீடாகச் சென்று நோயாளரைத் தேடினர். 1950இல் அக்கதவு அடைக்கப்பட்டிருந்தால் இக்காட்சியை உலகம் இத்துணை விரைவில் கண்டிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

சென்னை உலகுக்கு அளித்த கொடை

ஒத்துழைப்பு என்பது செல்வ நாடுகள் கொடுக்க ஏழை நாடுகள் கையேந்துவது என்று கருதுவோர் உளர். அக்கருத்தைப் பொய்ப்பித்த நகரம் சென்னை. முதலியார் துணைவேந்தராக விளங்கிய காலத்தில், 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. டாக்டர் வாலசு பாக்சு முதலில் அதனை வழிநடத்தினார்.

அந்நாளில் காசநோய்க்கு மருத்துவம் என்றால் நலவாழ்வு இல்லத்தில் நெடுநாள் தங்கியிருத்தல், ஓய்வு, நல்லுணவு, தூய காற்று என்பதே வழக்கம். தாம்பரத்துச் சானடோரியமும் அந்நம்பிக்கையின் விளைவே. ஆயின் இந்தியாவில் நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. நெருக்கமான குடிசையில், குறைந்த உணவுடன், மாத்திரையை மட்டும் உட்கொண்டு வீட்டிலேயே நோயாளி குணமாக முடியுமா என்பதே சென்னை மையம் எழுப்பிய வினா.

நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நலவாழ்வு இல்லத்திலும், மற்றையோர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தை உட்கொண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. இல்லத்தில் தங்கியோருள் 92 விழுக்காட்டினரும், வீட்டிலிருந்தோருள் 86 விழுக்காட்டினரும் ஆண்டிறுதியில் நோய் தணிந்த நிலையை எய்தியிருந்தனர். உணவும் ஓய்வும் குறைந்திருந்தும் வீட்டு மருத்துவம் ஏறத்தாழ ஈடாக நின்றது. வீட்டில் நோயாளியுடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து நடந்த ஆய்வில் தெளிவாயிற்று.

சென்னைக் குடிசை வாழ் மக்கள் கற்பித்த இப்பாடம் உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. செல்வ நாடுகளிலும் நலவாழ்வு இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மனைவி மக்களைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் இல்லத்தில் கிடக்க வேண்டிய நிலை நோயாளர்க்கு நீங்கிற்று. 1962இல் இந்தியா வகுத்த தேசியக் காசநோய்த் திட்டத்துக்கும் இதுவே அடித்தளம். வாரத்தில் இருமுறை நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறையையும் அம்மையமே பின்னர் சோதித்து நிறுவியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன் 2019இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளரானார்.

எல்லா முயற்சியும் விரும்பிய விடையைத் தருவதில்லை. 1968இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசியின் ஆற்றலை அறியப் பேராய்வு ஒன்று தொடங்கியது. உலக நலவாழ்வு நிறுவனமும் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்தன. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்னும் முடிவு 1979இல் வெளியிடப்பட்டது. எதிர்பார்ப்புக்கு மாறான அம்முடிவு மறைக்கப்படவில்லை. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளினின்று காப்பதால் அத்தடுப்பூசி இன்றும் பிறந்த குழந்தைக்கு இடப்படுகிறது. உண்மையை உள்ளவாறு உரைத்தலே நாடுகளிடை நம்பிக்கைக்கு முதற்படி என்பதைச் செங்கற்பட்டுச் சிற்றூர்கள் மெய்ப்பித்தன.

முதலியார் குழு

உலக அவையில் அமர்ந்தவர் உள்நாட்டு நிலையை மறந்தாரல்லர். 1943இல் அமைக்கப்பெற்று 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். சிற்றூர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பயன் எட்ட வேண்டும் என்னும் கருத்தை நாட்டுக்கு அளித்த குழு அது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1959இல், அத்திட்டம் எவ்வளவு நிறைவேறியது என்று ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். 1961இல் வெளிவந்த அவ்வறிக்கையே முதலியார் குழு அறிக்கை எனப் பெயர் பெற்றது.

அறிக்கையின் உட்பொருள் கசப்பானது, ஆயினும் வேண்டப்பட்டது. புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே செல்வதைவிட, திறந்தவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் தந்து வலுப்படுத்துவதே முதற்பணி என்று அது கூறியது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் 40,000 மக்களுக்கு மேற்பட்டோர்க்குப் பொறுப்பேற்றல் ஆகாது என்றது. மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர் இருத்தல் வேண்டும் என்றது. நோய் தீர்க்கும் பணியும் நோய் தடுக்கும் பணியும் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைய வேண்டும் என்றது. இந்திய ஆட்சிப்பணி போல அனைத்திந்திய நலவாழ்வுப் பணி ஒன்று வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இறுதியாகக் கூறிய பரிந்துரை இன்றளவும் நிறைவேறவில்லை.

வெளிநாட்டு உதவி மிகுதியாக வந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வறிக்கை எழுந்தது என்பதை நோக்கினால் அதன் அருமை விளங்கும். மலேரியாவுக்கு மருந்து தெளிப்போர் ஒரு படை, அம்மை குத்துவோர் ஒரு படை எனத் தனித்தனிப் படைகள் வந்து போகலாம். அவை போனபின் ஊரில் நிலைத்து நிற்கும் நிலையம் வலுவுடையதாக இல்லையேல் நோய் மீண்டும் தலைதூக்கும். நம் அண்டை நாடாகிய இலங்கை இதற்குச் சான்று. 1963இல் அங்கே மலேரியா நோயாளர் வெறும் 17 பேரே. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபின், அத்தசாப்தம் முடிவதற்குள் நோயாளர் இலட்சக்கணக்கில் பெருகினர். பின்னர் பொறுமையுடன் உழைத்து 2016இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை இலங்கை பெற்றது. வெளியுதவி விதை போன்றது. நிலத்தைப் பண்படுத்துவது நம் கடமை.

தில்லிப் பேரவை

1955ஆம் ஆண்டுப் பேரவையில் துணைத்தலைவராக இருந்த முதலியார், 1961 பிப்ரவரியில் புதுதில்லியில் கூடிய பதினான்காம் பேரவைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய மண்ணில் கூடிய முதல் உலக நலவாழ்வுப் பேரவை அது. முந்தைய ஆண்டில் ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்றிருந்தன. நேற்றுவரை பிறரால் ஆளப்பட்ட நாடுகளின் சார்பாளர்கள் சம உரிமையுடன் அங்கே அமர்ந்தனர். மண்டபம் முகாமில் தமிழ்த் தொழிலாளியை நிறுத்திவைத்த பழைய ஒத்துழைப்புக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு என்னும் இப்புதிய ஒத்துழைப்புக்கும் உள்ள தொலைவை அவையே காட்டியது.

துணைவேந்தர் பணியும் இறுதிக்காலமும்

1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அவர் ஆற்றிய பணி தனிக்கட்டுரைக்கு உரியது. தமிழ்த்துறை மாணாக்கர் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ளலாம். டாக்டர் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது அவர் காலத்தில்தான். மருத்துவச் சொற்களையும் அறிவியற் சொற்களையும் தமிழில் தேடுவோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். அவர் கல்விப் பணியையும் மருத்துவப் பணியையும் போற்றி நடுவண் அரசு 1954இல் பத்மபூசண் விருதும் 1963இல் பத்மவிபூசண் விருதும் வழங்கியது.

1974 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு பீகாரில் பெரியம்மை பெரிதாகப் பரவியிருந்தது. ஓராண்டுக்குப்பின், 1975 மே மாதத்தோடு, இந்தியாவில் அந்நோய் முற்றுப்பெற்றது. 1980இல் உலகமே அதனினின்று விடுபட்டதாகப் பேரவை அறிவித்தது. தாம் செயற்குழுத் தலைவராக இருந்த நாளில் திறந்து வைக்கப்பட்ட கதவின் வழியே வந்த அவ்வெற்றியைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அண்ணன் இராமசாமி முதலியார் 1976இல் மறைந்தார்.

முடிவுரை

வள்ளுவர் மருத்துவத்துக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நால்வகையும் அதனுள் அடங்கும். கப்பலும் வானூர்தியும் உலகைச் சுருக்கிய இக்காலத்தில் அவற்றோடு அண்டை நாட்டையும் சேர்த்துக் கருத வேண்டியுள்ளது. 2020இல் பரவிய கொரோனாப் பெருந்தொற்று இதனை அனைவர்க்கும் உணர்த்தியது. பெருந்தொற்றுக்கு எதிராக நாடுகள் ஒன்றுபடுவதற்கான உடன்பாடு 2025 மே மாதம் ஜெனீவாப் பேரவையில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் அமெரிக்க ஐக்கிய நாடு உலக நலவாழ்வு நிறுவனத்தினின்று விலகுவதாக அறிவித்தது. 1949இல் கிழக்கிலிருந்து எழுந்த சோதனை இப்போது மேற்கிலிருந்து எழுந்துள்ளது. சினமின்றிக் கதவைத் திறந்து வைத்திருப்பதே அன்று பயன் தந்த வழி என்பதை முதலியார் காலத்து வரலாறு காட்டுகிறது.

இவ்வரலாறு ஜெனீவாவோடு முடிவதன்று. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் இன்று பெரும்பாக்கத்து அடுக்ககங்களில் வாழ்கின்றன. நெருக்கமான சிறு வீட்டிலும் நோயாளி குணமாகலாம் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்கள் இவர்களைப் போன்ற ஏழை மக்களே. அதற்கு வேண்டியவை வாசலுக்கு வரும் மருந்தும், தவறாது வரும் ஊழியரும், அருகில் இயங்கும் நல்ல நிலையமும் ஆகும். அவை தங்குதடையின்றிக் கிடைக்கச் செய்வதே முதலியார் குழு நாட்டுக்குக் காட்டிய வழி. அவ்வழியில் தொண்டாற்ற நம் மாணாக்கர் முன்வருவரேல், தரமணியில் பொறிக்கப்பட்ட அப்பெயருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.